நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிவிட்டு

இணையத்தில் எல்லோரும் இருக்கும் அந்தப் பெரிய தளத்தை விட்டு நான் வெளியேறியது ஒரு வியாழக்கிழமை காலை ஆறே காலுக்கு. நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, "எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இப்போது அந்தப் பக்கத்தைத் திருப்பினால் என் கை மீதே எனக்கு எரிச்சல் வருகிறது.

சித்தூரில் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவதுதான் தொழில். இருபத்தாறு வருடமாக இதையே செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்கு ஏறிப் பார்ப்பேன். மழை எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்தப் பக்கம், தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்ததா, குடிபாலா சாலையில் மாமரங்கள் பூத்தனவா என்று ஐந்தாறு வரி நாட்குறிப்பில் எழுதுவேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே வரிகளைப் பெரிய தளத்திலும் போட ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு பதிவும் இரண்டு பாதியாக இருக்கும். மேல் பாதி தமிழ் எழுத்தில். கீழ்ப் பாதியில் அதே தமிழ் வாக்கியங்கள் தெலுங்கு எழுத்தில். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கில் படித்தவர்கள் ஏராளம். நாள் முழுக்கத் தமிழில் சண்டை போடுவார்கள், தமிழில் தாலாட்டுவார்கள். வேலூர் பஸ் நிலையத்தில் போய் இறங்கினால் பலகையைப் படிக்க ஆள் தேடுவார்கள். அவர்களுக்குத் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், தடையில்லாமல் படித்துவிடுவார்கள். கீழ்ப் பாதி எழுத எனக்குத் தினமும் பத்து நிமிடம் பிடிக்கும். போகப் போக அதை ஊருக்குச் செய்யும் சேவை என்று நினைத்துக்கொண்டேன். எதற்காக, யாருக்காக ஆரம்பித்தேன் என்பது மறந்துபோயிருந்தது.

முதல் ஐந்தாறு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தளம் தன் விருப்பத்துக்கு எதையெதையோ முன்னால் தள்ளத் தொடங்கியது. திங்கட்கிழமை மழையை நான் எழுதினால் அது சிலருக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். நல்ல வெயிலில், "பார்த்து, குடை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று ஒருவர் எழுதுவார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாமல் போனது ஒரு தண்ணீர் லாரியால். எங்கள் தெருவுக்கு ஒன்பது நாளாக லாரி வரவில்லை என்று, எப்போதும்போல ஒரு வரி எழுதியிருந்தேன். அதை யாரோ எடுத்து எங்கோ போட, சாயந்திரத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். லாரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இங்கே இருந்துகொண்டு, இங்கே தின்றுகொண்டு அரவத்தில், அதாவது தமிழில், எழுதுகிறாயே, எல்லை பக்கம்தான், நடந்தே போய்விடு என்று ஒரு கூட்டம். தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுகிறவன் தாயை விற்கிறவன் என்று, அந்த எல்லைக்கு அப்பாலிருந்து இன்னொரு கூட்டம். ஒரு கூட்டம் என்னைத் தமிழன் என்று திட்டியது, இன்னொன்று நான் தமிழனே இல்லை என்றது. இரண்டு கூட்டமும் ஒரே பதிவின் கீழே, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றன.

பதினேழு வசைகளைப் பொறுக்கி எடுத்துத் தளத்துக்குப் புகார் செய்தேன். அதில் ஒன்று செத்துப்போன என் நைனாவைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது: இது எங்கள் விதிகளுக்கு முரணானது அல்ல. பதினேழு தடவை, எழுத்து மாறாமல் அதே பதில். என் சோதனைக்கூடத்தில் பதினேழு மாதிரிக்கும் ஒரே அளவு வந்தால் கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றுதான் எழுதுவேன்.

குடிபாலாவில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என் மழைக் கணக்கை வருடக்கணக்காகப் பார்த்துவருகிறவர். அவர்தான் அந்தச் சிறிய குழுமத்தைப் பற்றிச் சொன்னார். மொத்தமே அறுபது சொச்சம் பேர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். அவரவர் ஊரின் மழை, பறவை, பூ, வெயில் என்று எழுதுவார்கள். விருப்பம் தெரிவிக்கும் பொத்தான் கிடையாது. எழுதிய நேரப்படிதான் எல்லாம் வரிசையாக வரும். பதினோரு விதிகள், எண் போட்டு, ஒரே பக்கத்தில். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, வெகுநாள் கழித்துச் சுத்தமான மேஜை ஒன்றின் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நான்காவது விதி: பதிவுகள் தமிழ் எழுத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

அதையும் படித்தேன். படித்துவிட்டு நான் நினைத்தது, தினமும் பத்து நிமிடம் மிச்சம் என்று.

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிற வழக்கம் எனக்கில்லை. வெளியேறுவதற்கு முன்னால் பட்டியல் போட்டேன். கடைசி மூன்று வருடப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, விருப்பம் போட்டவர், கருத்து எழுதியவர் எல்லோரையும் நோட்டில் குறித்தேன். ஒரே தடவை வந்தவர்களையும் வசை பாடியவர்களையும் அடித்துவிட்டேன். நாற்பத்தொரு பேர் மிஞ்சினார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, புது முகவரி கொடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக். இந்த வேலை பன்னிரண்டு நாள் நடந்தது.

என் மனைவி குடியாத்தத்துக்காரி. நான் டிக் போடுவதைப் பார்த்துக்கொண்டே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"அண்ணிக்குச் சொன்னீங்களா?"

அண்ணி என்று அவள் சொல்வது என் அக்காவை. திருப்பதியில் இருக்கிறாள்.

"அவ இதெல்லாம் பாக்கிறதே இல்ல. ஒன்பது வருஷத்துல ஒரு லைக் கூடப் போட்டதில்ல" என்றேன்.

"லைக் போடாதவங்கல்லாம் செத்தா போயிட்டாங்க?"

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவளும் பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாமா திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேற்பார்வையாளர். எங்கள் வீட்டில் போனில் பேசிக் குலாவும் பழக்கம் யாருக்கும் இல்லை. நல்லது கெட்டது இருந்தால் கூப்பிடுவோம். விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுவோம். நான் தளத்தை விடுவதற்கு இரண்டு வாரம் முன்னால் அப்படி ஒரு போன் வந்தது. அவள் பெண்ணுக்குப் புத்தூரில் ஒரு வரன் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம், நீயும் வா என்றாள். அந்த ஞாயிறு நிலையத்தில் தணிக்கை. முடியாது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். நாட்குறிப்பில் இது ஒன்றரை வரி.

வெளியேறியபின் மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். குழுமத்தில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. திருத்துவார்கள், அவ்வளவுதான். மண்டலம் என்று நான் எழுதினால், "ஒன்றியம் என்று சொல்லலாமே ஐயா" என்று கீழே ஒருவர் எழுதுவார். எங்கள் ஊரில் ஒன்றியம் என்று ஒன்று இல்லை, மண்டலம்தான் இருக்கிறது. இருந்தாலும் திருத்திக்கொண்டேன். மரியாதையாகச் சொன்னால் எதையும் விட்டுக்கொடுத்துவிடுவேன் போலிருக்கிறது.

அந்த மூன்று மாதத்தில் அக்காவிடமிருந்து போன் இல்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். வரன் என்ன ஆயிற்று என்று நானாக ஒருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாந்தோப்பு நண்பர் போன் செய்தார். பிஞ்சு உதிர்வதைப் பற்றிப் பேசிவிட்டு, வைக்கப்போகும்போது சொன்னார்.

"நிச்சயதார்த்தம் நல்லா பண்ணியிருக்காங்க சார். போட்டோவுல உங்களைத் தேடினேன், காணமே. பொண்ணுக்கு மாலை போட்டாரே, அவரு உங்க தம்பியா?"

அவர் மலைக்குப் போகும்போதெல்லாம் மாமாவின் லாட்ஜில்தான் தங்குவார். மாமா போட்டிருந்த படங்களைப் பெரிய தளத்தில் பார்த்திருக்கிறார். எனக்குத் தம்பி கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. ஆமாம் என்றேன். பொய் சொல்லிவிட்டு போனை மேஜை மேல் கவிழ்த்து வைத்தேன்.

எங்கள் வழக்கத்தில் நிச்சயத்தன்று பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்கார வைப்பது தாய்மாமன். புடவையும் அவன் எடுத்ததாக இருக்க வேண்டும். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அந்த இடத்தில் நின்றவன் ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்க்கும் எங்கள் சித்தப்பா மகன் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அவனுக்கும் எங்களுக்கும் பத்து வருடமாகப் பேச்சே இல்லை.

மறுநாள் ஏழு இருபது பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பினேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. என் கைப்பையில் அந்தப் பட்டியல் நோட்டு இருந்தது. அதை எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்டால், என் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருப்பேன். பாகாலா தாண்டி, சந்திரகிரி தாண்டி, போகும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒரே வாக்கியம்: கூப்பிடாதது அவள், நான் இல்லை.

பைராகிப்பட்டெடாவில் அக்கா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மாமா வேலைக்குப் போயிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள். "பஸ்லயா வந்தீங்க?"

பிறந்ததிலிருந்து என்னை டா போட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். என் கல்யாணத்தில், மணமேடையில், புரோகிதர் எதிரே, "வேட்டியைச் சரியா கட்டுடா" என்றவள். அந்த 'வாங்க' என்னை வாசலிலேயே நிறுத்தியது. உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பெண் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா" என்று மட்டும் சொல்லி மறுபடி உள்ளே போய்விட்டாள்.

நிச்சயத்துக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் நினைத்ததைவிடக் குரல் உரத்து வந்தது.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நாங்க வேணாம்னு கதவ மூடினவங்களுக்கு எப்படிச் சொல்றது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அந்த வியாழக்கிழமை காலை எப்போதும்போல போனை எடுத்து என் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். பக்கம் கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது. தன் பெண்ணின் போனில் பார்க்கச் சொன்னாள். அதிலும் அதே. மாமாவின் போனிலும் அதே. பக்கத்து வீட்டுப் பெண், இது நம்மை பிளாக் செய்தால் வரும் செய்தி என்று சொல்லியிருக்கிறாள். அது பொய்யும் இல்லை. ஒருவன் கணக்கை அழித்துவிட்டுப் போனாலும், நம்மை மட்டும் தள்ளி வைத்தாலும், அந்தத் தளம் காட்டுவது ஒரே வாசகம்தான். மாப்பிள்ளை வீடு பார்க்க வா என்று கூப்பிட்டு, முடியாது என்று சொல்லி, பதினான்காம் நாள் வீட்டில் உள்ள மூன்று பேருக்கும் கதவைச் சாத்திவிட்டான் தம்பி. அவள் அப்படித்தான் கூட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டும் இரண்டும் நாலு என்று வருகிற கணக்குதான்.

நான் அவசரமாகச் சொன்னேன். உன்னை மட்டும் இல்லை, எல்லோரையும் விட்டுத்தான் வந்தேன். திட்டினார்கள், அதனால் வந்தேன். திடீரென்று போகவில்லை, முறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். நோட்டை எடுத்து விரித்து அவள் முன்னால் வைத்தேன். நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு டிக்.

என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் முதல் வரி இதுதான்.

அக்காவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நோட்டை வாங்கி, பெயர்கள் மேல் விரலை வைத்து, மெதுவாக மேலிருந்து கீழ் வரைக்கும் இழுத்தாள். டிக்குகள் தெரிந்திருக்கும். கடைசி வரியில் விரல் நின்றது.

"இதுல என் பேரு எங்க இருக்குது?"

இல்லை என்றேன்.

"ஏன் இல்ல?"

லைக் போட்டவர்கள், கருத்து எழுதியவர்கள், அவர்களை மட்டும்தான் எடுத்தேன் என்றேன். நீ ஒரு தடவைகூடப் போட்டதில்லையே என்றேன்.

அக்கா நோட்டைக் கீழே வைத்தாள்.

"நான் இன்னாத்துக்குடா லைக் போடுவேன்? என் தம்பி எழுதறதை நானே நல்லாகீதுன்னு ஊரு பாக்கச் சொல்லி, நானே கண்ணு வெக்கணுமா? சொந்தப் புள்ளைய அழகுன்னு சொல்லுவாங்களாடா எவளாவது?"

டா வந்துவிட்டது. வந்த விதம்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் அப்படித்தான். பரீட்சையில் முதலாக வந்தால் அம்மா, "இருக்கட்டும்" என்பாள். புதுச்சட்டை போட்டால் காதுக்குப் பின்னால் மை வைப்பாள். நம் ஆளை நாமே மெச்சினால் திருஷ்டி. அதை எனக்குச் சொல்லித் தந்த அதே வீட்டில் வளர்ந்தவள் அக்கா. யாரோ ஊர்பேர் தெரியாத கம்பெனி வைத்த ஒரு கட்டைவிரல் பொத்தானை வைத்து, யார் என்னைப் படிக்கிறார்கள் என்று நான் கணக்கெடுத்திருக்கிறேன்.

அவள் நிறுத்தவில்லை. என் மழைமானியில் மைனா கூடு கட்டி, ஒரு மாதம் நான் அளவெடுக்காமல் விட்டதைச் சொன்னாள். நிலையத்து வேப்பமரம் லாரி மேல் விழுந்ததைச் சொன்னாள். போன ஐப்பசியில் ஒரே ராத்திரியில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பெய்தபோது, வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா இல்லையா என்று நான் எழுதாமல் விட்டதை, அன்று முழுக்க அவள் சோறு இறங்காமல் இருந்ததைச் சொன்னாள். தினமும் காலை காபிக்கு முன்னால் படித்திருக்கிறாள். படித்துவிட்டு மாமாவிடம், "தம்பி நல்லாகீறான்" என்று சொல்வாளாம். அதுதான் அவளுக்கு என்னோடு பேச்சு. அதனால்தான் போனில் பேச வேறெதுவும் இல்லாமல் இருந்திருக்கிறது.

"அந்த ரெண்டாவது பாதி எனக்குன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "நைனா உனக்கு அந்த எழுத்தைக் குடுத்தாரு, எனக்கு இதைக் குடுத்தாரு. நீ ரெண்டுலயும் எழுதின. சரி, நம்ம தம்பி நம்மள விடலன்னு நெனச்சேன்."

நைனா என்னை இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். பெண்பிள்ளை பக்கத்தில் படிக்கட்டும் என்று அக்காவை எதிர்ச் சந்துத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்தார். தெலுங்கு எழுத்து எனக்கும் வந்தது; தமிழ் எழுத்து அவளுக்கு வரவில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

புதுக் குழுமத்தைப் போனில் திறந்து காட்டினேன். இதில் சேர்ந்துவிடு, இங்கே தினமும் எழுதுகிறேன் என்றேன். வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் நான் என்ன காட்டினேன் என்பது எனக்கு உறைத்தது.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். மறுபடி 'ங்க'. சாம்பாரும் கத்தரிக்காயும். அவள் பெண் பரிமாறினாள். தாய்மாமனுக்கு அந்தப் பெண் தலைநிமிர்ந்து பரிமாறவில்லை, நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீடு திரும்பிய அன்றே பழைய நாட்குறிப்புகளை எடுத்தேன். தளத்தில் நான் எழுத ஆரம்பித்த வருடத்து நோட்டு. நான்காம் நாள் பக்கத்தில் இருந்தது: "அக்கா போன். உன் எழுத்து எனக்கு எங்கே தெரியும், ஜாங்கிரி எழுத்தில் எழுது என்றாள். நாளை முதல் இரண்டாம் பாதி." ஜாங்கிரி எழுத்து என்று சின்ன வயதிலிருந்து நாங்கள் சொல்வது தெலுங்கு எழுத்தை. என் கையெழுத்துதான். பத்தொன்பது வருட நாட்குறிப்பு பரணில் வரிசையாக இருக்கிறது. எது எங்கே என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பேன். யாரும் கேட்காவிட்டால் நான் திறப்பதில்லை.

குழுமத்தின் நிர்வாகிக்கு எழுதினேன். தமிழ்ப் பதிவுக்குக் கீழே அதே தமிழைத் தெலுங்கு எழுத்திலும் எழுத அனுமதி வேண்டும், ஒரு வாசகருக்காக என்று. மறுநாள் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். என் உணர்வைப் புரிந்துகொள்வதாகவும், ஒருவருக்கு விலக்கு அளித்தால் நாளை மற்றவர்களும் கேட்பார்கள் என்றும், நான்காவது விதி குழுமத்தின் உயிர்நாடி என்றும் எழுதியிருந்தார். பெரிய தளத்தில் ஒரு நிமிடத்தில் வந்த பதில் இங்கே ஒரு நாள் எடுத்துக்கொண்டது. கடைசியில் 'அன்புடன்' இருந்தது. மற்றபடி அதே பதில்தான்.

குழுமத்தை நான் விடவில்லை. எங்கே போவது? பெரிய தளத்துக்குத் திரும்பினால் பதினேழு பேரும் அங்கேயே இருக்கிறார்கள். ஆனால் அன்றிலிருந்து தினமும் காலை, மழைமானி பார்த்துவிட்டு இறங்கியதும், தெலுங்கு எழுத்தில் ஐந்தாறு வரி அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன். சாதாரணக் குறுஞ்செய்தி. படித்தார்களா இல்லையா என்று காட்டும் வசதி எதுவும் அதில் இல்லை. போய்ச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். பதில் வரவில்லை. முன்பும் வந்ததில்லை. முன்பு அந்த மௌனத்துக்கு ஒரு அர்த்தம் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்தபின் இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

கல்யாணப் பத்திரிகை கூரியரில் வந்தது. தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு நேரில்தான் வர வேண்டும். என் மனைவி உறையைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். அழைப்போர் வரிசையில் தாய்மாமன் என்ற இடத்தில் ராமகுப்பத்தான் பெயர் அச்சாகியிருந்தது. அவனை நிச்சயத்தில் நிறுத்திவிட்டுக் கல்யாணத்தில் மாற்றினால் மாப்பிள்ளை வீட்டார் கேள்வி கேட்பார்கள். அக்கா நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் அச்சடித்திருப்பேன்.

போனோம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். ராமகுப்பத்தான் பட்டு வேட்டியில் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். நடை பழகாத வேட்டி, இரண்டு தடவை தடுக்கியது. நான் எடுத்துப்போன புடவையை அக்கா வாங்கி, மற்றப் பரிசுப் பொருள்களோடு வைத்தாள். "வாங்க, வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். எல்லோரிடமும் அதையே அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்தியில் இலை போட்டு முதலில் பருப்பு வந்தது, பிறகு ஆவக்காய் ஜாடியோடு ஒரு ஆள். என் இலைக்குக் குனிந்தவனின் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். அக்கா. பந்தி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. அவனிடம் தெலுங்கில், அவருக்கு அது வேண்டாம், முந்தாநாளிலிருந்து வயிறு சரியில்லை, கொஞ்சம் மோர் சாதம் கொண்டுவந்து போடு என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

பக்கத்தில் மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்காவிடம் நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். புடவையைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான் என்றாள்.

முந்தாநாள் காலை ஆறு ஐம்பதுக்கு அனுப்பிய செய்தியின் கடைசி வரி அது. மழை இல்லை, காற்று கிழக்கிலிருந்து, லாரி வந்தது, வயிறு சரியில்லை, மோர் மட்டும்.

மோர் சாதம் வந்தது. அக்கா நான்கு இலை தள்ளிப் போயிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, யாரிடமோ இன்னும் கொஞ்சம் பாயசம் என்று வற்புறுத்திக்கொண்டு. நான் குனிந்து சாப்பிட்டேன். உப்பு குறைவாக இருந்தது. கேட்டு வாங்கவில்லை.